ஆறு வருடங்களாக ‘ஏதோ ஓடுகிறது’

இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடங்கள். யார் நலம் விசாரித்தாலும் “ஏதோ ஓடுகிறது” என்பேன். பொய்யில்லை. வேலைக்குப் போனேன், வாடகை கட்டினேன், மொழித் தேர்விலும் தேறினேன். ஆனால் நடைவழி விளக்கு போனபிறகு வாங்கிவந்த புது பல்பு ஐந்து மாதம் மேசைமேலேயே கிடந்தது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு படுக்கப் போவேன். நாற்காலி போட்டு ஏற வேண்டுமே என்று நினைத்தாலே உடம்பு கனக்கும்.

முதலில் குளிர்காலத்தின்மேல் பழி போட்டேன். பிறகு விசாவின்மேல். நிரந்தர வதிவிட அனுமதி வந்த அன்று, கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். அதன்பிறகு பழிபோட எதுவும் மிச்சமில்லை.

களைப்பு என்று சொல்லித்தான் மருத்துவரிடம் போனேன். தைராய்டு, இரத்தசோகை, பி12 எல்லாம் பார்த்தார்கள், குறையில்லை. தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர், “மன அழுத்தம் இருக்கிறதா?” என்றார். இல்லை என்றேன். யாரும் என்னை அழுத்தவில்லையே! வேலைப்பளுவுக்கும் நோய்க்கும் நாம் அந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். மருத்துவர் விடவில்லை. “கடைசியாக இரண்டு மாதம் தொடர்ந்து மனம் நன்றாக இருந்தது எப்போது?” என்று கேட்கச் சொன்னார். தேடிப் பார்த்தேன். விமானம் ஏறுவதற்கு முந்தைய வருடங்களிலும் அப்படி இரண்டு மாதம் அகப்படவில்லை.

டிஸ்தைமியா என்றார். பெரியவர்களுக்கு இரண்டு வருடமாவது, பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தே கிடப்பது. இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் விடுதலை இல்லாதது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013 முதல் இதை ‘நீடித்த மனச்சோர்வுக் கோளாறு’ என்ற பெயரில் சேர்த்திருக்கிறது. தீவிர மனச்சோர்வு ஆளையே சாய்த்துவிட்டால் சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். இதுவோ பல சமயம் நம்மை வேலைக்கும் அனுப்பிவைக்கிறது. ‘என் சுபாவமே இப்படி’ என்று பழகிவிடுகிறோம். புலம்பெயர்ந்தவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல்: எங்களிடம் காரணம் எப்போதும் கைவசம் இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் இதன்மேலேயே தீவிர மனச்சோர்வும் வந்து ஏறலாம் என்று அவர் சொன்னபோதுதான் பயந்தேன்.

மாத்திரை பலன் தரப் பல வாரங்கள் பிடித்தன. கூடவே வாரம் ஒருமுறை பேச்சுச் சிகிச்சை. பல்பை மாட்டிவிட்டேன். மொழிபெயர்ப்பாளரிடம் “மனச்சோர்வு என்றே சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். போன வாரம் தோழி நலம் விசாரித்தாள். “காலையில் எழுவது இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறது. ஆனால் பசிக்கிறது” என்றேன்.