எங்கள் நுரையீரல் மீனை ஏன் சேற்றில் உறங்க விடுவதில்லை

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்தடி நீளமான மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு மீன்தான். விலாங்கு போன்ற உடலும் நூல் போன்ற நான்கு துடுப்புகளும் கொண்ட மேற்கு ஆபிரிக்க நுரையீரல் மீன் அது. அறிவியல் பெயர் புரொட்டோப்டெரஸ் அனெக்டென்ஸ். வவுணதீவுப் பக்கம் வயல் செய்யும் என் மைத்துனர் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "மச்சான், இது தண்ணி இல்லாமலும் சேத்துக்குள்ள கிடக்குமாமே, ஒருக்கா வத்த விட்டுக் காட்டன்" என்பார். வற்றிய குளத்தின் அடிச்சேற்றைப் புரட்டி உயிருள்ள விராலை எடுத்துப் பழகியவர் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை அவருக்கு. என்னிடம் படிக்கும் மாணவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். நான் மறுப்பதற்கான காரணத்தைச் சொல்ல, இந்த மீன் எனக்குக் கற்பித்த முதல் பாடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு கடையில் வாங்கியபோது இது ஒரு சாண் நீளம்கூட இல்லை. மற்ற மீன்களைப் போலவே வளர்க்கலாம் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, தொட்டியை விளிம்பு வரை நிரப்பிக் கண்ணாடி மூடியையும் இறுக்கி வைத்துவிட்டேன். அன்றிரவு 'டக், டக்' என்று மெல்லிய ஓசை கேட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தால், மீன் தன் மூக்கு நுனியால் மூடியை முட்டி முட்டி, வாயை அகலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மூடியை இழுத்துப் போட்டுவிட்டு ஐந்தாறு செம்பு தண்ணீரை அள்ளி நிலத்தில் ஊற்றினேன். அடுத்த கணம் அது தலையை உயர்த்தி இழுத்த மூச்சின் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அவுஸ்திரேலிய நுரையீரல் மீனுக்கு நுரையீரல் ஒன்றுதான். நல்ல நீரில் செவுள்களை நம்பியே அது வாழ்ந்துவிடும். ஆபிரிக்க இனங்களுக்கோ நுரையீரல் இரண்டு, செவுள்கள் சிறுத்துப் போனவை. மேலே வந்து காற்றை விழுங்க இடம் கிடைக்காவிட்டால், மீனாக இருந்தும் அவை நீரில் மூழ்கிச் செத்துப்போகும்.

அன்றிலிருந்து நீருக்கும் மூடிக்கும் இடையில் நான்கு அங்குல இடைவெளி எப்போதும் உண்டு. மூடி இப்போது மரச்சட்டத்தில் அடித்த கம்பிவலை. வெளியேறப் பார்க்கும் மீன் என்பதால் மேலே இரண்டு செங்கற்கள். எங்கள் கிணறு வாவிக்கு அருகில் இருப்பதால் கோடையில் உவர்த்துவிடும். ஆகவே குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, குளோரின் போன பிறகே வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்றுகிறேன். சூடாக்கி தேவையில்லை, மட்டக்களப்பு வெயிலே போதும். 2022 இல் நாடெங்கும் மணிக்கணக்கில் மின்சாரம் நின்ற நாட்களில், காற்றுக்குழாய் ஓய்ந்ததும் பக்கத்துத் தொட்டியில் இருந்த தங்கமீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. இது மட்டும் வழக்கம்போல் எழுந்து மூச்சு வாங்கிவிட்டுத் தன் மூலைக்குத் திரும்பியது. ஆயினும் வடிகட்டி ஓடாதபோது கழிவு சேரும் என்பதால், அந்த நாட்களில் தண்ணீரைக் கையால்தான் மாற்றினேன்.

உணவு வாரத்தில் இரண்டு முறை: ஓடு நீக்கிய இறால், மண்புழு, சில வேளை நத்தை. இறால் துண்டை வாய்க்குள் இழுத்து மெல்லும், பாதி மென்றதை வெளியே தள்ளும், மீண்டும் இழுக்கும். நான்கைந்து முறை இப்படிச் செய்து கூழான பிறகே விழுங்கும். நத்தை ஓடு அதன் பற்தட்டுகளுக்கிடையில் நொறுங்குவது கண்ணாடிக்கு வெளியிலும் கேட்கும். கூட விடும் எந்த மீனையும் அந்தப் பற்கள் விட்டுவைக்கா என்பதால்தான் இதற்குத் துணை இல்லை.

இனி சேற்று உறக்கம். ஆபிரிக்காவில் நீர்நிலை வற்றும்போது இது மண்ணைத் துளைத்து இறங்கிச் சுருண்டுகொள்ளும். உடலிலிருந்து சுரக்கும் சளி காய்ந்து, வாயருகே ஒரு சிறு துளை மட்டும் விட்ட உறையாகும். உடலின் செயல்கள் மிகவும் குறைந்துவிடும். கழிவான அமோனியாவை வெளியேற்ற நீர் இல்லாததால், அதை யூரியாவாக்கி உடலுக்குள்ளேயே சேர்த்து வைக்கும். உணவுக்குப் பதில் தன் தசையையே எரிக்கும். இந்த உறை வெறும் காய்ந்த சளியன்று, நோய்க்கிருமிகளைப் பிடித்துத் தடுக்கும் உயிரணுக்கள் அதற்குள் இருக்கின்றன என்று 2021 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாம் உறக்கம் என்று சொல்வது, அந்த உயிர் பசியோடும் கிருமியோடும் தன் கழிவோடும் போராடிக் காத்திருப்பதைத்தான். அங்கே மழை வரும் என்ற நிச்சயம் உண்டு. என் வீட்டில் மழை என்பது நான் ஊற்றப்போகும் தண்ணீர். சேறு தவறாகக் காய்ந்து மூச்சுத்துளை அடைபட்டால் மேலே இருக்கும் எனக்குத் தெரியவே போவதில்லை. விருந்தினர் வியப்பதற்காக இதைப் பட்டினி போட எனக்கு மனம் வரவில்லை.

இது நீண்டகாலப் பொறுப்பு என்பதையும் வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சிக்காகோவின் ஷெட் மீன்காட்சியகத்துக்கு 1933 இல் வந்த அவுஸ்திரேலிய நுரையீரல் மீன் ஒன்று 2017 வரை அங்கே வாழ்ந்தது. என் மீன் வேறு இனம். என்றாலும் எனக்குப் பின் யார் பார்ப்பது என்று இப்போதே மகளிடம் பேசி வைத்திருக்கிறேன். வளர்க்க முடியவில்லை என்று வாவியிலோ குளத்திலோ விட்டுவிடவே கூடாது. 'டேங்க் கிளீனர்' என்று வாங்கி விடப்பட்ட மீன்கள் இன்று நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கின்றன.

மைத்துனரின் மகனுக்குச் சேற்றுக்குப் பதிலாக ஒரு கொப்பியும் கைக்கடிகாரமும் கொடுத்தேன். மீன் மேலே வரும்போதெல்லாம் முந்தின மூச்சிலிருந்து எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். நேற்று மாலை அவன் கண்ணாடியை விட்டு எழும்பவே இல்லை. 6, 9, 7, 11 என்று வரிசையாக எழுதியவன், நான் இறால் போட்ட பிறகு 4 என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு இழுத்து வைத்திருக்கிறான்.