ஒரே லேசரை நம்பி முடிவு எழுதாதீர்கள்

எம்.எஸ்சி. இயற்பியலில் என் புராஜெக்ட் ஒற்றைச்சுவர் கார்பன் நானோகுழாய்களின் (ஓரணுத் தடிமன் கார்பன் தாள் சுருண்டது போன்ற நுண்குழாய்கள்) ராமன் நிறமாலை, அதாவது லேசர் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து அணுக்களின் அதிர்வைப் படிப்பது. நான் பாம்பனில் கடலுக்குப் போகும் வீட்டுப் பெண். இதே தலைப்பை எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எடுத்ததும் குவாண்டம் சமன்பாட்டுக்குள் இறங்காதீர்கள். அறுகோணக் கட்டம் வரைந்த தாளைச் சுருட்டிப் பாருங்கள். எந்தச் சாய்வில் சுருட்டினோம் என்பதை இரண்டு முழு எண்கள் சொல்லிவிடும். அவற்றின் வித்தியாசம் மூன்றால் வகுபட்டால் குழாய் உலோகம், இல்லையென்றால் குறைகடத்தி. (வளைவினால் சில உலோகக் குழாய்களில் மிகச் சிறிய ஆற்றல் இடைவெளி திறக்கும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்பார்கள்.) விட்டத்தையும் கையாலேயே போடுங்கள்: இரு வர்க்கங்களோடு இரு எண்களின் பெருக்கலையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.246-ஆல் பெருக்கி, பையால் வகுக்க வேண்டும். (10,10) குழாய்க்கு 1.356 நானோமீட்டர் வரும்.

நான் சறுக்கியது அடுத்த படியில். குழாய் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும் அதிர்வு தாழ்ந்த அதிர்வெண் பகுதியில் தெரியும்; அதன் இடம் விட்டத்தைப் பொறுத்தது. 532 நானோமீட்டர் லேசரில் அங்கே இரண்டே சிகரங்கள் தெரிந்தன. மாதிரியில் இரண்டு வகைக் குழாய்கள்தான் என்று எழுதிவிட்டேன். மேடம் அதே மாதிரியை 633 லேசரில் எடுத்துக் காட்டியபோது வேறு இடங்களில் சிகரங்கள் நின்றன.

அன்றிரவு அப்பா செவுள் வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணியை விரலால் விரித்துக் காட்டினார். "இதுக்கு ஏத்த மீனுதான்மா மாட்டும். சின்னது நழுவிரும், பெருசுக்குத் தலையே நுழையாது. வலையில வரலைன்னா கடல்ல இல்லைன்னு ஆயிருமா?"

ஒத்திசைவு ராமன் முழுக்க அதுதான். குழாயில் எலக்ட்ரான் நிலைகள் சில ஆற்றல்களில் கூர்முனைகளாகக் குவிந்திருக்கும். இரு முனைகளுக்கு இடைப்பட்ட ஆற்றலோடு லேசரின் ஆற்றல் பொருந்தும் குழாய் மட்டுமே பலமாகத் தெரியும். எந்த விட்டத்துக்கு எந்த ஆற்றல் என்று காட்டும் கட்டௌரா வரைபடத்தை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

ஒளிர்வு அளவீட்டுக்கு ஒரு வரி: கட்டாக ஒட்டிய குழாய்கள் ஒளிராது, அருகிலுள்ள உலோகக் குழாய் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். சர்பாக்டன்ட் (சோப்பு போன்ற பொருள்) சேர்த்துத் தனித்தனியாகப் பிரித்த பிறகே அளக்க வேண்டும்.

வைவாவில், 633-இல் 183 செ.மீ⁻¹ சிகரத்தைக் காட்டி, "இது (10,10) என்று எப்படிச் சொல்கிறாய்?" என்றார்கள். அந்த மூச்சு அதிர்வுக்கான சூத்திரப்படி 248-ஐ (10,10)-இன் விட்டத்தால் வகுத்தால் 183 வருகிறது. ஆனால் (11,9) குழாயின் விட்டமும் 1.36-ஐ ஒட்டியதுதான், அதுவோ குறைகடத்தி. 633 லேசரின் 1.96 எலக்ட்ரான்வோல்ட் இந்த விட்டத்து உலோகக் குழாய்களோடு பொருந்துகிறது என்று பலகையில் வரைந்து காட்டினேன். 1,550 செ.மீ⁻¹ பக்கத்தில் ஜி பட்டை (கார்பன் பிணைப்புகள் நீண்டு குறுகும் அதிர்வின் சிகரம்) உலோகக் குழாய்க்கே உரியபடி அகன்று சாய்ந்திருந்ததையும் சேர்த்துச் சொன்ன பிறகே அடுத்த கேள்விக்குப் போனார்கள்.