பூட்டியின் மடிமண்

பர்மாவில் எங்கள் பீலிக்கான் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற அன்று அத்தைதான் முதலில் எழுந்தாள். மணி மூன்றரை. 91 வயதில் முழங்கால் மடங்குவதில்லை, மூன்று வருஷமாக அவள் எங்களோடு வருவதுமில்லை. ஆனால் பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டுவதை மட்டும் வேறு யாரிடமும் விடமாட்டாள். கட்டி முடித்ததும் நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டி, தூக்கக் கலக்கத்தில் நின்ற பேத்தியிடம் கொடுத்தாள்.

"நீதான்டி அடுப்பு பத்தவைக்கணும். தாத்தன் கேட்டாலும் குடுத்துடாத."

யாங்கூனை விட்டு பாகோ ஆற்றைத் தாண்டினால் தன்லின். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் அது கடைசிவரை சிரியம்தான். 1993-இல் பாலம் வருவதற்கு முன் இந்த ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். சின்ன வயதில் பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு துறையில் காத்துக் கிடந்திருக்கிறேன். இப்போது லைன் காரில் ஏறி உட்கார்ந்தால், சைக்காவ் பகோடாவின் தங்கக் கூம்பு குன்றின்மேல் தெரிவதற்குள் பேத்தி இன்னொரு தூக்கம் போட்டுவிடுகிறாள். சௌக்தானில் இறங்கி மொயிங்கா சாப்பிட்டோம், மீன் குழம்பு ஊற்றிய அரிசிச் சேமியா. விரதமென்றால் விரதம்தான், இதில் என்ன மீன் குழம்பு என்று கேட்பீர்கள். நானும் பேத்தியும் காப்புக் கட்டாதவர்கள். காப்புக் கட்டிய மருமகன் கட்டன் காபியோடு எங்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

பூமிதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ப் பொங்கல் வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். பூமிதியன்று அங்கே கால் வைக்க இடமிருக்காது. இந்த முறை இரண்டு நாள் முன்னதாகவே கூட்டம்தான். மஞ்சள் உடையில் இளைஞர்கள், வேப்பிலை, உடுக்கைச் சத்தம், ஈர விறகுப் புகை. ஒலிபெருக்கியில் தமிழில் ஒரு தடவை சொன்னால் பர்மிய மொழியில் இரண்டு தடவை சொல்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கே அதுதான் புரிகிறது. இதற்காக வருத்தப்படுகிற பெரியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பர்மியப் பெண் ஒருத்தி தேங்காய்த் தட்டோடு அங்காள பரமேஸ்வரி முன்னால் கண்ணை மூடி நின்றபோது, அவளுக்கு அம்மனிடம் எந்த மொழியும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

முனீஸ்வரருக்குச் சுருட்டு வைத்துவிட்டு அடுப்புக் கூட்டினோம். பேத்தி பத்தவைத்தாள். மூன்று தீக்குச்சி வீணாயிற்று. நான் உதவப் போனபோது, "அத்தைப்பாட்டி வேணாம்னு சொன்னாங்க" என்று தள்ளிவிட்டாள். பால் பொங்கி மஞ்சள் கிழங்கின்மேல் வழிந்த அந்த நொடியில், ஒவ்வொரு வருஷமும் வருகிற கேள்வி இந்த வருஷமும் வந்தது. காட்டை வெட்டி எங்கள் வயலை உண்டாக்கியவர் பூட்டன் என்கிறோம். அப்படியானால் முதல் அடுப்பை ஏன் எப்போதும் இந்த வீட்டுப் பெண் பத்தவைக்கிறாள்?

எங்கள் குடும்பத்தில் பூட்டன் கதை இரண்டு உண்டு.

ஒன்று பெரியப்பாவுடையது. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த வருஷமே அவர் கப்பலேறிவிட்டார். சென்னைப் பக்கம் குடியேறி அங்கிருந்து எழுதிய கடிதங்களில் பூட்டன் ஒரு வீரர். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மேல்மலையனூர் அங்காளம்மன் பிடிமண்ணை இடுப்பில் கட்டிக்கொண்டு ரங்கூனில் இறங்கினார், காட்டுக்குள் புலியை எதிர்த்து நின்றார், புலி விலகிய இடத்தில் முனி காட்சி கொடுத்தார். முதல் கடிதத்தில் நிலம் 20 ஏக்கர். அடுத்ததில் 60. கடைசிக் கடிதத்தில் 120. கடலைத் தாண்டியபின் பூமி விளைந்துகொண்டே போயிற்று.

"எங்க அண்ணன் வாயால அளந்த நெலம் அது" என்பாள் அத்தை. அவளிடம் பூட்டனின் வரி ரசீது ஒன்று இருக்கிறது, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி. 14 ஏக்கர் சொச்சம்.

அவள் கதையில் புலி இல்லை. கூலிக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி இருக்கிறார். கப்பல் கூலிக்கும் முன்பணத்துக்கும் கடன்பட்டு, அறுவடைக் கூட்டத்தில் ஒருவனாகப் பூட்டன் வந்திறங்கியபோது வயது இருபதுகூட இல்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறி, கீழ்ப் பர்மா முழுக்கக் காடு வயலாகிக்கொண்டிருந்த காலம். 1855-இல் சுமார் 10 லட்சம் ஏக்கராக இருந்த நெல் நிலம் 1930-களின் நடுவில் 1 கோடியை நெருங்கிற்று. அந்தக் கணக்கில் எங்கள் 14 எங்கே தெரியப்போகிறது! கனசோ மரத்தை வெட்டிச் சாய்த்து, வேரை எரித்து, உப்புத் தண்ணீர் ஏறாமல் கரை போட்டு, முதல் விளைச்சல் காண்பதற்குள் குளிர்காய்ச்சலில் பாதிப் பேர் போய்விடுவார்களாம். பூட்டனும் காய்ச்சலோடு ஊருக்குத் திரும்பினார். அங்கே கல்யாணம் செய்துவைத்தார்கள். மறுபடி கப்பலேறும்போது பூட்டி ஒரு நிபந்தனை போட்டாள். அங்காளம்மன் வந்தால் தானும் வருவாள். மேல்மலையனூரில் அம்மன் புற்றாக இருக்கிறாள் அல்லவா, அந்தப் புற்றுமண்ணில் ஒரு பிடி எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, கப்பல் தளத்தில் நாலு நாளும் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தாள்.

"அவன் இடுப்புல கட்டிக்கிட்டு வந்தது கடன்டா தம்பி. மண்ணு கொண்டாந்தவ அவ" என்று முடிப்பாள் அத்தை.

கோயிலிலிருந்து கிளம்பி, பிரசாதத்தோடு வயலுக்குப் போனோம். எங்கள் வயல் என்று பழக்கத்தில் சொல்கிறேன். எங்களுடையது இல்லை. 1930-க்குப் பிறகு நெல் விலை பாதிக்கும் கீழே போனபோது தாத்தா வாங்கிய கடன் அடையவில்லை. அந்த ஆண்டுகளில் கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் இப்படித்தான் செட்டியார்கள் கைக்குப் போயிற்று. கடிதத்துக்குக் கடிதம் பெரியப்பா செட்டியாரைத் திட்டுவார். செட்டியாருக்கும் அது நிலைக்கவில்லை என்பதை எழுதமாட்டார். 1948-லும் 1953-லும் வந்த நில நாட்டுடைமைச் சட்டங்களில் செட்டியார் நிலமும் போயிற்று.

இப்போது உழுகிறவர் என் வயதுள்ள பர்மியக் குடியானவர். முப்பது வருஷப் பழக்கம். நெல் அறுத்தபின் அந்த ஈரத்திலேயே உளுந்து விதைத்திருந்தார். அறுவடை முடிந்து களத்தில் கறுப்பாகக் குவிந்து கிடந்தது. மெட்பே என்பார்கள் இங்கே. பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்குத்தான் போகிறது. சென்னையில் பெரியப்பா பேரப்பிள்ளைகள் தின்னும் இட்லியில் இந்த மண்ணும் கொஞ்சம் இருக்கலாம். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். விலை கேட்டேன், சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அவர்தான் ஒருமுறை எனக்கு டமா-ஊ-ஜா என்ற பழைய வழக்கத்தை விளக்கினார். டமா என்றால் வெட்டுக்கத்தி. காட்டில் யார் கத்தி முதலில் விழுகிறதோ அவருக்கே நிலம். பிரிட்டிஷ்காரர்கள் அதன்மேல் ஒரு விதி போட்டார்கள். 12 வருஷம் விடாமல் அனுபவித்து வரி கட்டியிருந்தால்தான் உரிமை. காய்ச்சலும் கடனும் அந்த 12 வருஷத்தை எத்தனை பேருக்கு விட்டுவைத்தன! பூட்டன் தாண்டினார். அத்தையின் ரசீது அதற்குச் சாட்சி.

வடகிழக்கு மூலையில், வரப்பு ஓரம், ஒரு வேம்பு. அடியில் முழங்கால் உயரக் கல். பூட்டி மண்ணைப் புதைத்த இடம் என்று அத்தை சொல்வது இதைத்தான். முனி நின்ற இடம் என்று பெரியப்பா எழுதியதும் இதேதான். நாங்கள் போனபோது கல்லின் முன்னால் பச்சைத் தேங்காயும் இரண்டு பக்கமும் வாழைச்சீப்பும் இருந்தன. பர்மியர்கள் கும்பிடுகிற நாட் தெய்வங்களுக்கு வைக்கிற முறை அது. குடியானவரின் மனைவி விதைப்புக்கும் அறுப்புக்கும் வைத்துவிடுகிறாளாம்.

"உங்க பாட்டிக்கு" என்றாள் பர்மிய மொழியில்.

பாட்டி என்று நாங்கள் யாரும் அவளிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மாமியார் சொன்னாள் என்றாள். அவள் மாமியாருக்கு யார் சொன்னார்கள்? கேட்கத் தோன்றாமல் நின்றேன். பேத்தி பொங்கலை வாழை இலையில் வைத்து, மஞ்சளைக் கரைத்துக் கல்லின்மேல் ஊற்றினாள். அங்காளம்மா, நீ எந்தப் பெயரில் இருந்தாலும் இரு என்று வேண்டிக்கொண்டேன். மருமகன் கல்லைச் சுற்றி விழுந்து கும்பிட்டார்.

புறப்படும்போது அந்த அம்மாள் அரைப்படி உளுந்தைப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்ப இரவு எட்டாகிவிட்டது. அத்தை பொங்கலைத் தொடவில்லை, பொட்டலத்தைத்தான் பிரித்தாள். ஒரு பிடி எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். புழுதியை ஊதவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு மடியை விரிக்கச் சொன்னாள். பாவாடை அழுக்காகும் என்று அவள் தயங்க, "விரிடி" என்று அதட்டினாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "அடுப்ப யாரு பத்தவச்சது?" என்றாள்.