நாதஸ்வரத்தைத் தள்ளி நின்று கேளுங்கள்

நான் பாட்டுக் கற்றவள் இல்லை. வீரவநல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். திருநெல்வேலி வானொலியில் அதிகாலையில் வருமே மங்கள இசை, அதுதான் எனக்கு வாத்தியார். வாய்ப்பாட்டு என்றால் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். நாதஸ்வரத்தில் அது நடக்காது, ராகத்தைத்தான் பிடித்தாக வேண்டும். பாஷை புரியவில்லையே என்ற கூச்சமே இல்லாமல் நான் உள்ளே நுழைந்தது அப்படித்தான்.

எங்கள் ஊரிலிருந்து சேரன்மகாதேவிக்கு ரயிலில் போனால் நடுவில் காருகுறிச்சி வரும். நாதஸ்வர வித்வான் அருணாசலம் பிறந்த ஊர். 1921-இல் பிறந்தவர், 1964-இலேயே போய்விட்டார். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஜானகி அம்மாவோடு அவர் வாசித்த ‘சிங்கார வேலனே’ தெரியாதவர்கள் இந்தப் பக்கம் கிடையாது. அது ஆபேரி ராகம் என்று சொல்லித் தந்தவர் எங்கள் தெருவில் ரேடியோ பழுது பார்த்த ஒரு அண்ணாச்சி. “சினிமாவுல அவரு வாசிச்சது ஒரு வாய்தாம்மா. பந்தியே இங்க இருக்கு” என்று ஒரு கேசட்டைக் கொடுத்தார். ஏதோ கல்யாணக் கச்சேரியில் பதிந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கரகரப்பிரியா. நடுவே பிள்ளைகள் அழுகிற சத்தம், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம். நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் அந்த ராகம் எனக்குப் பிடிபட்டது. பதிவின் அருமை அது. கோயிலில் வாசிப்பவரை நிறுத்தி, அந்த இடத்தை இன்னொரு தரம் வாசியுங்கள் என்று கேட்க முடியுமா?

அப்புறம் ஹேமவதி. “கரகரப்பிரியாவுல மத்திமத்தை மட்டும் மாத்து, மத்ததெல்லாம் அப்படியே. அதாம் ஹேமவதி” என்றார் அண்ணாச்சி. சுத்த மத்தியமம் போய்ப் பிரதி மத்தியமம் வருகிறது. ஒரே ஒரு ஸ்வரம்தான், ஆனால் ராகத்தின் முகமே வேறு. முத்துசுவாமி தீட்சிதர் கிருதியாக எல்லோரும் பாடுகிற ‘ஸ்ரீ காந்திமதீம்’ இந்த ராகம்தான். நம்ம திருநெல்வேலி டவுன் காந்திமதி அம்மன் மேல் அமைந்தது. தீட்சிதர் கடைசிக் காலத்தில் இருந்ததும் 1835-இல் மறைந்ததும் பக்கத்து எட்டயபுரத்தில். வானொலியில் இந்தக் கிருதி வந்தால் மிஷினை நிறுத்திவிடுவேன். மிதித்துக்கொண்டே கேட்கிற ராகம் இல்லை அது.

ஆனால் நாதஸ்வரத்தை முழுசாகக் கேட்டது டவுன் ரத வீதியில்தான். சுவாமி புறப்பாடு. கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி, சுவாமி புறப்படும்போது வாசிக்கிற உருப்படி. கூட்டத்துக்குப் பயந்து நான் வெகுதூரம் தள்ளி, ஒரு பாத்திரக்கடை ஓரமாக நின்றிருந்தேன். ஸ்பீக்கரில் எப்போதும் முட்டி மோதுகிற தவில், அங்கே நாதஸ்வரத்துக்குக் கீழே போய் அடங்கி உட்கார்ந்திருந்தது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற குழைவு அவ்வளவு துல்லியமாக வந்தது. வாயில் வைத்து ஊதுகிற அந்தச் சீவாளியின் சத்தம் திறந்த வெளிக்கென்றே பிறந்தது. வீதியும் கோபுரமும் கேட்கிற வாத்தியம் அது.

அதனால்தான் இப்போது கல்யாண மண்டபங்களில் நடப்பதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. நாலு சுவருக்குள்ளே, வாத்தியத்தின் வாயிலேயே மைக்கை வைத்து, பெரிய பெட்டி வழியாகக் கத்த விடுகிறார்கள். பிறகு, “நாதஸ்வரம் ஒரே சத்தம்” என்று அவர்களே முகம் சுளிக்கிறார்கள். மைக்கை எடுத்துவிட்டு, மேளக்காரர்களை வாசல் பந்தலில் உட்கார வையுங்கள். நீங்கள் தெரு முக்குக்குப் போய் நின்று கேளுங்கள்.

இந்த மாதம் நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், செல்போனில். போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில்லை. அடுத்த அறை ஜன்னலில் வைத்துவிட்டுக் கடைப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்து கேட்டால்தான் தோடியின் காந்தார ஸ்வரம் சரியாக அசைகிறது.