‘சாம்பியன்’ என்று சொல்லக் கூடாத வருடம்

சுவிஸின் முதல்தர உதைபந்தாட்ட லீக்கில் 2010 முதல் 2017 வரை எட்டு வருடமும் பாசல் நகரத்துக் கழகம்தான் சாம்பியன். பேர்ண் நகரத்தின் யங் பாய்ஸ் கழகம் கடைசியாக வென்றது 1986இல். நான் பேர்ணில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவச் சேர்ந்தேன். அந்தச் சமையலறையில் இருந்த எல்லோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

பேர்ண்காரர் நிதானமான ஆட்கள். அவர்கள் எதையும் ஆறுதலாகத்தான் செய்வார்கள் என்று சூரிச்காரர் பகிடி விடுவதுண்டு. வகுப்பில் எனக்குப் படிப்பித்த டொச், அதாவது ஜெர்மன் மொழி, ஒன்று, சமையலறையில் பேசிய டொச் வேறொன்று. அதனால் முதல் குளிர்காலம் முழுக்க வணக்கம், நன்றி, சட்டி எங்கே என்ற அளவில்தான் என் பேச்சு இருந்தது. நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பிள்ளை. கரையில் பந்து உதைத்து வளர்ந்தவன். அந்தத் தகவல் எப்படியோ தலைமைச் சமையல்காரர் காதுக்குப் போக, அடுத்த நாள் அவராகவே வந்து, எந்த இடத்தில் விளையாடினாய் என்று கேட்டார். இடதுபுறப் பின்காப்பு என்று கையால் காட்டினேன். அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் என்னோடு ஆட்டம் பற்றிக் கதைப்பார்.

2017 ஆடியில் புதிய பருவம் தொடங்கியது. அப்போது லீக்கில் பத்து அணிகள்தான். ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பதையும் நான்கு தடவை சந்திக்கும். மொத்தம் 36 ஆட்டம். பயிற்சியாளர் அடி ஹுட்டர், ஒஸ்ரியாக்காரர். நத்தார் இடைவேளைக்கு முன்னரே யங் பாய்ஸ் பட்டியலில் மேலே நின்றது. இந்த முறை நாங்கள்தானே சாம்பியன் என்று நான் ஒருநாள் உளறிவிட்டேன். தலைமைச் சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு, இந்தச் சமையலறையில் அந்தச் சொல் வேண்டாம் என்றார்.

காரணத்தைப் பிறகுதான் துண்டு துண்டாகச் சொன்னார்கள். 2008இல் கடைசி ஆட்டத்தில் பாசலிடம் 2-0 தோல்வி, பட்டம் போனது. 2009இல் சுவிஸ் கிண்ண இறுதியில் சியோன் கழகத்துக்கு எதிராக 2-0 என்று முன்னால் நின்று 3-2 என்று தோல்வி, அதுவும் சொந்த மைதானத்தில். 2010இல் நீண்ட காலம் முதலிடத்தில் இருந்துவிட்டு, கடைசி நாளில் அதே மைதானத்தில் அதே பாசலிடம் மறுபடி 2-0. அப்படிச் சூடுகண்டவர்கள் மாசி மாதத்தில் எப்படி நம்புவார்கள்?

எனக்கு இது புதிதில்லை. என் அகதி வழக்கு அப்போது முடிவில்லாமல் கிடந்தது. அறையில் கூட இருந்த அண்ணை ஒரே வார்த்தைதான் சொல்வார்: “தம்பி, கடிதம் கையில வருமட்டும் ஒருத்தருக்கும் வாய் திறக்காத. ஊருக்கும் சொல்லாத.” விசா கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னவனுக்குத்தான் மறுப்பு வரும் என்பது அவருடைய உறுதியான சாத்திரம். பேர்ண்காரருக்கும் அதே சாத்திரம் இருப்பதைக் கண்டதும் இந்த ஊரில் இருக்கலாம் போலத்தான் இருந்தது.

அந்த அணியும் எனக்குப் பிடித்துப்போக ஒரு காரணம் இருந்தது. முன்வரிசையில் கியோம் ஓவாரோ, ரெயூனியன் தீவுக்காரர். தமிழ் வேர் உள்ள குடும்பங்கள் நிறைய வாழும் தீவு அது என்று அண்ணைக்குச் சொன்னதும், உதைபந்தை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர் மறுநாளே “எங்கட பொடியன் அடிச்சவனோ?” என்று விசாரித்தார். அசாலே ஐவரி கோஸ்ட், சுலைமானி சேர்பியா, என்சாமே கமரூன். அணித் தலைவர் வொன் பேர்கன்கூட பேர்ண்காரர் இல்லை, நொய்சத்தல் பக்கத்து ஆள்.

2018 சித்திரை 28, சனிக்கிழமை. யங் பாய்ஸின் சொந்த மைதானமான வங்க்டோர்ஃபில் லுசேர்னுடன் ஆட்டம். வென்றால் பட்டம், இன்னும் நான்கு ஆட்டம் மீதி இருக்கும்போதே. சனி இரவு என்றால் ரெஸ்ரோரண்டில் மூச்சுவிட நேரமிருக்காது. பாத்திரம் கழுவும் மெசினுக்கு மேலே ரேடியோவை வைத்திருந்தோம். 1-1 என்று இருக்கும்போது லுசேர்னுக்குப் பெனால்டி. தலைமைச் சமையல்காரர் குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோலில் நின்றவர் மார்கோ வொல்ஃப்லி. 2010இல் அந்தப் பட்டம் கைநழுவியபோதும் கோல் காத்தவர் அவர்தான். இந்தப் பருவத்தில் இளம் கோல்காப்பாளர் காயப்பட்டதால்தான் திரும்ப உள்ளே வந்திருந்தார். அவர் பந்தைத் தடுத்துவிட்டார். 89ஆவது நிமிடத்தில் என்சாமே அடித்தார், 2-1. அப்புறம் ரேடியோவில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரோ என்னைத் தூக்கிவிட்டார்கள். ஏப்ரனெல்லாம் சவர்க்கார நுரை. பரிமாறுகிற பெண் அழுதபடியே மூன்றாம் மேசைக்குச் சூப் கொண்டுபோனாள்.

வேலை முடிந்து வெளியே வந்தால், இரவு பத்தரைக்கே அடங்கிவிடும் ஊர் அன்று அடங்கவில்லை. முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் என் தோளில் கைபோட்டு, 1986இல் தான் எங்கே நின்றேன் என்று கதை சொன்னார். பாதிதான் விளங்கியது. இரண்டு வருடத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவர் என்னோடு அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. சும்மா தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

பருவம் முடிந்தபோது யங் பாய்ஸ் 84 புள்ளி, பாசல் 69. கிண்ணத்தையும் சேர்த்து எடுத்திருக்கலாம். வைகாசி 27, அதே வங்க்டோர்ஃபில் கிண்ண இறுதி. சூரிச்சிடம் 2-1 தோல்வி. மறுநாள் சமையலறை துக்கவீடாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். தலைமைச் சமையல்காரர் வெங்காயம் வெட்டிக்கொண்டே விசிலடித்துக்கொண்டிருந்தார். “இதுதான் எனக்குத் தெரிந்த யங் பாய்ஸ்” என்றார்.