பைப் அறுக்கும்போது வெட்டுவாய் திறந்தே இருக்கட்டும்

என் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. 2009 ஐப்பசி மாதம் விழுந்தது. அப்போது எனக்குச் சொந்தப் பட்டறை கிடையாது. கோயமுத்தூரில் இன்னொருவரிடம் தினக்கூலிக்கு வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்தேன். 2 இஞ்ச் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், 20 அடி முழு லென்த். இரண்டு முனையையும் இரண்டு ஸ்டூல் மேல் வைத்து, நடுவில் கோடு போட்டு, 4 இஞ்ச் கைமெஷினில் (ஆங்கிள் கிரைண்டர்) அறுக்க ஆரம்பித்தேன். மெஷினில் கார்டு, அதாவது வீலை மூடும் கவசம், இல்லை. அந்தப் பட்டறையில் எந்த மெஷினிலும் கார்டு இருந்து நான் பார்த்ததில்லை.

முக்கால்வாசி வரை நன்றாகத்தான் போனது. அப்புறம் சத்தம் மாறியது. கணீர் என்று இருந்தது அடைத்தமாதிரி ஆனது. அடுத்த நொடி மெஷின் கையை உதறிக்கொண்டு மேலே எகிறியது. கட்டிங் வீல் நான்கைந்து துண்டாகச் சிதறியது. ஒரு துண்டு கண்ணாடியின் மேல் விளிம்பில் பட்டு புருவத்தைக் கிழித்தது. அன்று கண்ணாடி போட்டிருந்ததால் இன்றைக்கு இரண்டு கண்ணாலும் பார்க்கிறேன்.

வீல் மட்டமான வீல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சில வருடம் அப்படியே நம்பினேன். உண்மையில் தப்பு ஸ்டூலில் இருந்தது. அந்த பைப் கிட்டத்தட்ட 30 கிலோ எடை. இரண்டு முனையில் தாங்கினால் நடுப்பாகம் கீழே தொய்யும். மேலிருந்து அறுக்க அறுக்க, அறுத்த இடம் பலவீனமாகி, வெட்டுவாய், அதாவது வீல் அறுத்த பிளவு, இரண்டு பக்கமும் நெருங்கி வீலைக் கவ்விவிடும். நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுகிற மெஷினில் 4 இஞ்ச் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். அதை இரும்பு இரண்டு பக்கமும் பிடித்தால் அந்த வேகம் வேறு எங்கே போகும்? மெஷினைத் தூக்கி எறியும், இல்லையென்றால் வீலை உடைக்கும். எனக்கு இரண்டும் நடந்தது.

அதனால் என் பட்டறையில் முதல் பாடம் பைப்பை வைக்கிற விதம்தான். நீளமான பக்கத்தை வைஸ் என்ற பிடிகருவியில் இறுக்கிப் பிடி. கோடு வைஸுக்கு வெளியே, ஒட்டினாற்போல இருக்கட்டும். வெட்டிப்போகிற துண்டு அந்தரத்தில் தொங்கினால், அதன் எடையே வெட்டுவாயைத் திறந்து வைக்கும். துண்டு நீளமாக இருந்தால் அடியில் ஒரு ஸ்டாண்டு, ஆனால் துண்டை மேலே தூக்காத உயரத்தில். ஆளைப் பிடிக்கச் சொன்னால் அவர் பயந்து மேலே தூக்குவார். தூக்கினால் திரும்பவும் வாய் மூடிக்கொள்ளும். இதை எத்தனை முறை சொன்னாலும் புதுப் பையன்கள் தூக்கத்தான் செய்கிறார்கள். கை தானாகவே மேலே போகிறது.

இப்போது இருக்கும் பையன் போன வாரம் ஒரு வீலை எடுத்து மாட்டப் போனான். ஷெட்டின் கடைசி அலமாரியில், ஒழுகல் பக்கம் கிடந்தது அது. வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நடு ஓட்டையைச் சுற்றி ஒரு தகர வளையம் இருக்குமில்லையா, அதில் காலாவதி மாதமும் வருடமும் பொறித்திருந்தது. ஓராண்டுக்கு மேல் தாண்டியிருந்தது.

"ஏனுங்ணா, கல்லு கெட்டுப்போகுமுங்களா?" என்று கேட்டான்.

கல் கெடாது. கல் துகளைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் என்ற பசை கெடும். அதற்குள் கண்ணாடி நார் வலை இருக்கிறது. அந்த வலையும் ரெசினும் சேர்ந்துதான் வீலைச் சிதறாமல் வைத்திருக்கின்றன. ஈரம் பட்டால் அந்தப் பிடிப்பு தளரும். அதனால்தான் தயாரித்ததிலிருந்து 3 வருடம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஈரத்தில் கிடந்த வீலுக்கு அந்த 3 வருடமும் செல்லாது. ஓரம் பெயர்ந்திருந்தாலோ, கையில் எடுத்துப் பார்க்கும்போது வளைந்திருந்தாலோ மாட்டவே கூடாது.

லேபிளில் இன்னும் ஒன்று முக்கியம். 4 இஞ்ச் வீலில் 15,000-க்கு மேல் ஒரு ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண், போட்டிருக்கும். அதுதான் அந்த வீல் தாங்கும் உச்ச வேகம். மெஷினின் வேகம் எப்போதும் அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். 14 இஞ்ச் வீலுக்கு உச்சமே 4,300 அல்லது 4,400 தான். கீழே வைத்து அறுக்கும் ஸ்டாண்டு மெஷினில் தேய்ந்து சிறுத்துப்போன 14 இஞ்ச் வீலை, வீணாகிறதே என்று 8,500 சுற்று ஓடும் 7 இஞ்ச் மெஷினில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மரம் அறுக்கிற பல் பிளேடைக் கைமெஷினில் மாட்டுவதும் அதே அளவுக்கு ஆபத்து.

வீலின் தடிமன் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு. என் அனுபவம் இது. சுவர் 2 மி.மீ.க்குள் இருக்கும் ஸ்கொயர் பைப்புக்கு 1 மி.மீ. வீல். சீக்கிரம் அறுக்கும், சூடு குறைவு, பிசிறும் குறைவு. தடித்த ஜி.ஐ. பைப்புக்கு 1.2 அல்லது 1.6. ஜி.ஐ. பைப்பில் சுவர் தடிமன் வாரியாக மஞ்சள் பட்டை ஏ கிளாஸ், நீலம் பி, சிவப்பு சி. 2 இஞ்ச் பி கிளாஸின் சுவர் 3.6 மி.மீ., சி கிளாஸ் 4.5. சிவப்புப் பட்டை பைப்பை 1 மி.மீ. வீலில் அறுக்கும்போது கொஞ்சம் கை சாய்ந்தாலும் வீல் போய்விடும். மெல்லிய வீலுக்குப் பக்கவாட்டு அழுத்தம் ஆகவே ஆகாது. கட்டிங் வீலின் பக்கத்தை வைத்து பிசிறு தேய்க்கிற பழக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதற்கு 6 மி.மீ. கிரைண்டிங் வீல் இருக்கிறது, அரம் இருக்கிறது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்புக்கு ஐநாக்ஸ் என்று போட்ட வீலைத் தனியாக வைத்திருக்கிறேன். முன்பு ஒருமுறை சாதா இரும்பை அறுத்த வீலையே போட்டு ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி செய்து கொடுத்தேன். 304 கிரேடு, கண்ணாடி மாதிரி பாலிஷ். இரண்டே மாதத்தில் வெட்டிய இடத்தையெல்லாம் சுற்றிப் பழுப்புப் புள்ளி. அந்த வீட்டு அக்கா விரலால் தடவிக் காட்டியபோது பதில் சொல்ல முடியவில்லை. ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள்தான் துருப்பிடித்தது. முழுக்கத் தேய்த்து, திரும்பப் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன்.

பி.வி.சி. பைப்புக்கு இந்த வீலே வேண்டாம். உருகி ஒட்டும். ஆக்சா பிளேடு போதும். பழைய தண்ணீர் லைனில் வரும் ஏ.சி. பைப் என்றால் மெஷினைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. அந்த வேலையை நான் எடுப்பதே இல்லை.

அறுக்கிற முறைக்கு வருகிறேன். ஒரு நேரான காகிதப் பட்டையை பைப்பைச் சுற்றி, விளிம்பும் விளிம்பும் சேரும்படி வைத்து, ஓரத்தில் சாக்பீஸ் கோடு. அப்போதுதான் வெட்டு கோணாது. புது வீல் மாட்டியதும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, வீலின் நேர்கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏற்கெனவே விரிசல் விட்ட வீல் என்றால் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்திலேயே உடைந்துவிடும். அப்புறம் பைப்பின் ஒரு பக்கச் சுவரை மட்டும் அறுத்து, பைப்பைத் திருப்பி, அடுத்த பக்கம். இரண்டு சுவரையும் ஒரே மூச்சில் இறக்கக் கூடாது. பாதி வெட்டில் திரும்ப இறக்கும்போது வீல் முழு வேகம் பிடித்த பிறகு இறக்குங்கள். பைப் வீலை இறுக்கிப் பிடித்தால் சுவிட்சை அணைத்து, வீல் நின்ற பிறகுதான் உருவ வேண்டும். லுங்கி, தோளில் துண்டு, நூல் பிரிந்த கையுறை எதுவும் கூடாது. கார்டு இல்லாத மெஷினை என் பட்டறையில் யாரும் தொடுவதில்லை.

அன்றைக்கு அலமாரியை முழுக்க இறக்கிப் பார்த்தோம். தேதி போனது, ஈரம் பட்டது என்று 17 வீல் தேறியது. குப்பையில் அப்படியே போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். ஒவ்வொன்றையும் வைஸில் பிடித்து, சுத்தியலால் தட்டி உடைத்துச் சாக்கில் போட்டோம். பையன் ஒவ்வொரு வளையத்தையும் தேதி படித்துவிட்டுத்தான் உடைத்தான்.