கதிரைக்குக் கீழ குனிஞ்சு பாத்த மாமா

ஒரு பத்து வருசத்துக்கு முந்தி நானும் மாமாவும் ஒரு அலுவலா கொழும்புக்குப் போய், போன அலுவல் மத்தியானத்துக்கு முந்தியே முடிஞ்சிட்டுது, ட்ரிங்கோவுக்கு, அதான் எங்கட திருகோணமலைக்கு, திரும்ப இரவு மெயிலுக்குத்தான் டிக்கெட், அதுவரைக்கும் என்ன செய்யிறது எண்டு தெரியாம புறக்கோட்டையில சும்மா சுத்தித் திரிஞ்சு கடைசியா வெயிலுக்கு ஒதுங்கிற மாதிரி பிரின்ஸ் வீதியில இருக்கிற ஒல்லாந்தர் கால மியூசியத்துக்குள்ள போனம். எனக்கு பழைய சாமான் எண்டால் பெரிய விருப்பம் ஒண்டும் இல்ல. மாமாவுக்கு சுத்தமா இல்ல. ஆனா மாமா மரவேலைக்காரர், நாப்பது வருசமா உளி பிடிச்ச கை, அதை நான் யோசிக்கேல்ல.

உள்ள போய் ஒரு பத்து நிமிசம் ஆகியிருக்கும், திரும்பிப் பாக்கிறன், ஆளைக் காணேல்ல. பாத்தா ஒரு வட்டக் கதிரைக்கு முன்னால முட்டுக்காலில இருந்து, தலையை கிட்டத்தட்ட நிலத்தில வச்சு கீழ்ப்பக்கத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். எனக்கு வெக்கமாப் போச்சு. காவலுக்கு நிண்ட ஐயா ஓடி வந்தார், ஏசப்போறார் எண்டு நினைக்க, அவர் ஏதோ விழுந்துட்டுது எண்டு நினைச்சு தன்ட போன் டோர்ச்சை அடிச்சு தானும் குனிஞ்சு தேடத் தொடங்கிட்டார். மாமாவுக்கு அது பெரிய வசதியாப் போச்சு. "இஞ்ச பிடியுங்கோ, இஞ்ச" எண்டு தமிழிலயே சொல்லி வெளிச்சத்தை மூலைக்கு மூலை கொண்டு போவிச்சு, முழுக் கதிரையையும் பாத்து முடிச்சுத்தான் எழும்பினவர். எழும்பி சொன்ன முதல் சொல்லு, "கள்ள வேலை ஒண்டும் இல்ல."

அந்தக் கதிரையை உங்களில ஆராவது பாத்திருப்பீங்கள். இருக்கிற பலகை வட்டம், நாலு கால் இல்ல ஆறு கால், முதுகு அரை வட்டமா சுத்தி வரும், முதுகில செதுக்கின முட்டை வடிவத் துண்டுகள், இருக்கிற இடத்தில பிரம்புப் பின்னல். பேர்கோமாஸ்டர் கதிரை எண்டு பிறகு வந்த ஆக்கள் வச்ச பேர். 18ஆம் நூற்றாண்டில ஒல்லாந்தர்ட கிழக்கிந்தியக் கம்பனி இருந்த இடமெல்லாம், எங்கட ஊர், எதிர்க்கரை இந்தியா, பத்தாவியா (இப்பத்த ஜகார்த்தா) எண்டு, இதே மாதிரி செய்திருக்கினம். பிரம்பு போட்டது ஸ்டைலுக்கு இல்ல, எங்கட வேர்வைக்கு. ஹொலண்டில இருக்கிற மாதிரி மெத்தை தைச்சுப் போட்டிருந்தா இஞ்ச ரெண்டு மாரியில ஊத்தை பிடிச்சு மணக்கும்.

மாமா என்னத்தை அப்பிடிப் பாத்தவர் எண்டு வெளியில வந்து தேத்தண்ணி குடிக்கேக்க கேட்டன். முன்பக்கம் முதலாளிக்கு, பின்பக்கம் மேசனுக்கும் தச்சனுக்கும் எண்டு சொன்னார். மேல இழைச்சு பொலிஷ் போட்டதில ஒண்டும் தெரியாதாம். கீழயும், முதுகுக்குப் பின்னாலயும், லாச்சியை இழுத்து வெளியில எடுத்தா அதின்ட உள்பக்கமும் பாக்க வேணுமாம். வாள் கீறு நேர்கோடா, ஆனா ஒவ்வொண்டும் ஒவ்வொரு சரிவா இருந்தா ரெண்டு பேர் நிண்டு கையால அறுத்த பலகை. வளைஞ்சு வளைஞ்சு இருந்தா சுத்துற வாள், அது மில் வந்த பிறகு வந்த சாமான், என்னதான் பழசு எண்டு சொல்லி வித்தாலும் 18ஆம் நூற்றாண்டு இல்ல. சீவுளி போன இடம் கையால தடவினா அலை மாதிரி இருக்கும். லாச்சி மூலையில புறாவால் மாதிரி வெட்டிக் கொளுவின டவ்டெயில் ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவா இருக்கும், மெசினில வெட்டினா எல்லாம் ஒரே அளவு. வட்ட மேசை எண்டா அளவு நாடாவால ரெண்டு பக்கமும் அளந்து பாருங்கோ, உண்மையாப் பழசு எண்டால் வட்டமா இராது, மரம் நார் ஓடுற பக்கம் சுருங்காது, குறுக்கத்தான் சுருங்கும், அதால முன்னூறு வருசத்தில வட்டம் கொஞ்சம் முட்டையாப் போயிருக்கும். இதையெல்லாம் எந்த மியூசியத்திலயும் அளக்க விட மாட்டினம் எண்டது வேற கதை.

அதுக்குப் பிறகு எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சது. ட்ரிங்கோவில இருந்துகொண்டு லண்டன் மியூசியத்துக்கோ அம்ஸ்டர்டாமுக்கோ போக ஏலுமா, ஆனா அம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம்காரர் தங்கட படங்களை பெரிய சைஸில சும்மாவே டவுன்லோட் பண்ண விடுறாங்கள், பின்னேரத்தில உவர்மலையில மாமா வீட்டு விறாந்தையில இருந்து டப்லெட்டில பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாப்பம். மாமாவுக்கு ஒரே கோவம் என்னெண்டா முக்கால்வாசி போட்டோ முன்பக்கம்தான்.

வீடியோ ஒண்டை மட்டும் நாலு தரம் போட்டுப் பாத்தவர். டேவிட் ரூன்ட்கன் எண்ட ஜெர்மன்காரர் 1779இல செய்து முடிச்ச பெரிய எழுத்து மேசை அலுமாரி, இப்ப பெர்லின் மியூசியத்தில இருக்கு, பிரஷ்யாவில பிறகு ராஜாவா வந்த இளவரசர் வாங்கினது. திறப்பை ஒருக்கா திருப்ப கதவு திறக்குது, லாச்சி வெளியில வருது, லாச்சிக்குள்ள இருந்து இன்னொரு லாச்சி, எல்லாம் உள்ள வச்ச சுருள் கம்பியும் பாரமும் செய்யிற வேலை. மாமா வாயைத் திறந்து பாத்துப்போட்டு, "கெட்டிக்காரன்தான். ஆனா ஒரு லாச்சி இறுகினா முழுசையும் கழட்ட வேணும்" எண்டார். எனக்கு அவர் சொன்னது சரி எண்டுதான் படுது. அந்தச் சாமானைப் பாத்தா ஆச்சரியம் வருது, அந்த வட்டக் கதிரையைப் பாத்தா ஆசை வருது, ரெண்டும் ஒண்டில்ல.

லாச்சி எண்டு சொல்லேக்க ஞாபகம் வந்தது. மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு எல்லாம் போத்துக்கீசர்ட சொல்லு, லாச்சி ஒல்லாந்தர்ட சொல்லு, கந்தோரும் அவங்கடதான். சென்னையில இருந்து வந்த ஒரு பெடியனிட்ட "அந்த லாச்சியைத் திற" எண்டன், அவன் அலுமாரியை மேலயும் கீழயும் பாத்து முழிச்சான். பேர் அவங்கட, ஆனா மரம்? பிரான்சில நல்ல மரவேலைக்காரரை எபெனிஸ்ட் எண்டு சொல்லுறது. எபனி வேலை செய்யிறவர் எண்டு அர்த்தம். எபனி எண்டா எங்கட கருங்காலி. நாங்கள் காட்டிக்குடுக்கிறவனை கருங்காலி எண்டு ஏசுறம், கோடாலிக்குப் பிடியாப் போய் மத்த மரத்தை வெட்டுற மரமாம், அங்க அதே சொல்லில ஒரு தொழிலுக்கே மரியாதை. கருங்காலி தண்ணியில போட்டா தாழும், உளியை மொட்டையாக்கிப் போடும், நடுவில இருக்கிற வயிரம் மட்டும்தான் கறுப்பு, சுத்தி வெளிறல். முதிரையும் இஞ்சத்தான், எங்கட பழைய வீட்டு நிலை எல்லாம் அதுதான். சவண்டலைக்கு இங்கிலீசில ட்ரிங்கோமலி வூட் எண்டே பேர், மட்ராஸ் கரையில அலைக்குள்ளால ஆக்களையும் சாமானையும் கரைக்குக் கொண்டு வந்த மசூலாப் படகுக்கெல்லாம் இஞ்ச இருந்து போயிருக்கு.

இதில எனக்கு ஆகப் பிடிச்ச பகிடி ஒண்டு இருக்கு. ஹொரஸ் வால்போல் எண்ட இங்கிலீஸ்காரர், பிரதமர் வால்போல்ட மகன், 18ஆம் நூற்றாண்டில ஸ்ட்ரோபெரி ஹில் எண்டு தன்ட வீட்டுக்கு கறுப்புக் கருங்காலிக் கதிரைகளை தேடித் தேடி வாங்கினவர். முறுக்கிக் கடைஞ்ச கால், அடைச்சுச் செதுக்கின பூ. அது தங்கட டியூடர் ராசா காலத்துச் சாமான், அதாவது 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில செய்தது எண்டு அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அவரைப் பாத்து மத்த பெரிய ஆக்களும் வாங்கினவை. பிறகு பாத்தா அது சோழமண்டலக் கரையில 17ஆம் நூற்றாண்டில தமிழ், தெலுங்கு ஆக்கள் இருக்கிற ஊருகளில செய்து கப்பல் ஏறினது. மாமாவிட்ட சொன்னன், சிரிக்கேல்ல. "கீழ பாத்திருக்க மாட்டினம்" எண்டார்.

கொழும்பு மியூசியம் இருக்கிற வீட்டுக் கதைக்கு வாறன். அந்த பிரின்ஸ் வீதி வீட்டில 1692இல இருந்து 1697 வரைக்கும் கவர்னரா இருந்த தோமஸ் வான் ரீ இருந்தவர், பிறகு அது புறக்கோட்டை தபால் கந்தோரா எல்லாம் இருந்து 1982இல மியூசியம் ஆனது. கண்டி ராசாவுக்கு 1693இல சிம்மாசனம் குடுத்ததும் அதே வான் ரீ தான். அந்தச் சிம்மாசனம்தான் பிறகு 18ஆம் நூற்றாண்டில நாயக்க ராசாக்கள் இருந்தது, இங்கிலாந்துக்குப் போய் 1934இல திரும்பி வந்து இப்ப கொழும்பு தேசிய மியூசியத்தில இருக்கு. குடுத்தவர் பேர் இருக்கு, வாங்கினவர் பேர் இருக்கு, கொண்டு போனவன் பேரும் இருக்கு. மாமா அதைக் கேட்டுட்டு பொன் தகட்டுக்கு உள்ள என்ன மரம் எண்டுதான் கேட்டவர்.

போன மாசம் எங்கட வீட்டு பெட்டகத்தை வெள்ளையடிக்கிறதுக்காக அறைக்கு வெளியில எடுத்தம். அம்மம்மாட அம்மா கலியாணம் முடிச்சு வரேக்க கொண்டு வந்தது, நாலு பேர் தூக்க வேணும், பித்தளை மூலை எல்லாம் களிம்பு. மாமா சும்மா இருப்பாரா. கவிட்டுப் போடச் சொன்னார். கீழ்ப்பக்கம் ஒவ்வொரு மூலையிலயும், கழுந்துக்கு, அதாவது துளைக்குள்ள பூட்டுற முனைக்கு, பக்கத்தில உளியால கீறின கோடு இருந்தது. ஒரு மூலையில ரெண்டு பலகையிலயும் ஒவ்வொரு கோடு, அடுத்ததில ரெண்டு ரெண்டு, எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு எண்டு மாறிப்போகாம இருக்க தச்சன் போடுற அடையாளமாம், அவரும் போடுறவராம். மூண்டாவது மூலைக்கு டோர்ச்சை அடிச்சுப்போட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். ஒரு பலகையில மூண்டு கோடு, மத்ததில நாலு.

"மாத்திப் பூட்டிட்டான்" எண்டு சொல்லி அப்பிடிச் சிரிச்சார், மாமி குசினியில இருந்து என்னெண்டு கேட்டுக்கொண்டு ஓடி வந்தவ.